பழகின கை

விரல்களைத் தவிர வேறெதுவும் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஜெசிந்தா கனமான கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அசையாதே என்று ஒருத்தி சொன்ன பிறகுதான் மூக்கு அரிக்கும். அரிக்கிறது. தலையைச் சுற்றிக் கூடை மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள், காதுக்குள் பஞ்சு, அதற்கு மேல் ஒரு மூடி, அத்தனையையும் மீறி ஸ்கேன் மெஷின் கல் உடைக்கிற சத்தம் போடுகிறது. முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் குழாயின் கூரை. கண்ணுக்கு நேரே சின்னக் கண்ணாடி, அதில் காலுக்கு அப்பால் இருக்கிற திரை தெரிகிறது, திரையில் எழுத்து வரும். வலது என்று வந்தால் வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களை வரிசையாகத் தொட வேண்டும், இடது என்று வந்தால் இடது கையில் அதையே செய்ய வேண்டும், ஓய்வு என்று வந்தால் சும்மா கிடக்க வேண்டும். இவ்வளவுதான் பரீட்சை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். ஒன்றாம் வகுப்பில் நான் செய்திருக்க மாட்டேன், வலது எது இடது எது என்று எனக்கு அப்போதே குழப்பம், குழப்பியது நான் இல்லை. வலது. தொடுகிறேன், ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு, திரும்பவும் ஆள்காட்டி. வயிற்றின் மேல் ஒரு ரப்பர் பந்து இருக்கிறது, பயமாக இருந்தால் அமுக்குங்கள், உடனே வெளியே எடுத்துவிடுகிறேன் என்றாள். பயமாக இருந்தால் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாள். பயமில்லாதபோது அமுக்கு என்று சொல்லியிருந்தால் அப்படி ஒரு நேரத்தை நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும். உலகம்மாள் என்று பெயர் வைத்தார்கள், உலகத்துக்கே அம்மாள், ஒரு ரப்பர் பந்தை அமுக்கத் தைரியம் கிடையாது. ஓய்வு.

நேற்று டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். தலைக்குள் வலது பக்கம், காதுக்குச் சற்று மேலே, வெள்ளையாக ஒரு திட்டு, நெல்லிக்காய் அளவு. இடது கையை ஆட்டிவைக்கிற இடத்தை ஒட்டி அது உட்கார்ந்திருக்கிறதாம். மூளையின் வலது பக்கம்தான் இடது கையைப் பார்த்துக்கொள்ளும் என்று அவர் விளக்கியபோது, அங்கேயும் மாறாட்டம்தானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கட்டியை முழுசாக எடுக்கப் போனால் இடது கை விரல்கள் விளங்காமல் போகலாம், கையைக் காப்பாற்றப் பார்த்தால் கட்டியில் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும், அதை மருந்தால்தான் சமாளிக்க வேண்டும். ஏற்கெனவே இடது மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப் போகின்றன, அதற்காகத்தான் வந்ததே. இரண்டில் எது வேண்டும் என்று டாக்டர் கேட்பார் என்று காத்திருந்தேன், அவர் வேறொன்று கேட்டார். நீங்கள் வலது கைக்காரர்தானே என்றார். கேள்வியை என்னைப் பார்த்து ஆரம்பித்து என் வீட்டுக்காரரைப் பார்த்து முடித்தார். "வலதுதான் சார்" என்றார் இவர், டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேகத்தில். அப்படியென்றால் நல்லதாய்ப் போயிற்று, கொஞ்சம் தைரியமாகவே உள்ளே போகலாம், இடது கை போனாலும் வலது கை இருக்கிறது, சாப்பிட எழுத ஒன்றும் குறைவு வராது என்றார் டாக்டர். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நான் பிறவியிலேயே இடது கைக்காரி. அந்த நெல்லிக்காயை ஒட்டி இருக்கிறதே அதுதான் என் கை, மற்றது எனக்குச் சொல்லிக்கொடுத்த கை. இதைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. தலையாட்டிவிட்டு வந்து படுத்திருக்கிறேன், நாளை மறுநாள் அவர் தைரியமாக உள்ளே போவார்.

இடது. கட்டைவிரல் ஆள்காட்டியைத் தொடுகிறது, நடுவிரலைத் தொடுகிறது, மோதிரவிரலுக்கு வரும்போது அது எங்கேயோ யோசித்துக்கொண்டு நிற்கிறது, பிறகு வருகிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அம்மா என் இடது கையைச் சடைநாடாவால் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். பச்சை நாடா. கோபமாகக் கட்டமாட்டாள், பூ வைத்துவிடுகிற மாதிரி பாந்தமாகக் கட்டுவாள், அதனால் எனக்கும் அது தண்டனை என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெரிந்தது, அங்கே ஸ்கேலின் விளிம்பால். கோயிலில் விபூதிக்கு இடது கையை நீட்டினால் பூசாரி என்னைத் தாண்டி அடுத்த கைக்குப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறார்கள், தொட்டிலிலேயே பழக்கத்தைக் கட்டிப்போட்டால் அது எங்கே போகும் என்று யாரும் சொல்லவில்லை. பதினெட்டு வயதுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது, எழுத்து வலதில், சாப்பாடு வலதில், கோலம் வலதில். சரியாகிவிட்டது என்று அம்மா நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் புளியங்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருந்தார், அதுதான் வினை, அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவருடைய அத்தைக்கு மிக்சர் தட்டை நீட்டினேன். அத்தை வாங்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தாள், பிறகு என் அம்மாவைப் பார்த்தாள். எந்தக் கையால் நீட்டியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அம்மா திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆனால் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான்தான் மாப்பிள்ளையோட அத்தை, எனக்குக் குடு பாப்போம்" என்பாள். நான் வெறும் தட்டை வலது கையால் நீட்டுவேன். வாங்குவாள், திருப்பித் தருவாள், இப்போது மாமனார், இப்போது கொழுந்தனார் என்று நாற்காலியை மாற்றி மாற்றி உட்காருவாள். இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். நினைத்தால் இப்போது சிரிப்பு வரவில்லை, அம்மா பாவம், அந்தக் காலிநாற்காலிக்கெல்லாம் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள்.

ஓய்வு. அடுத்து வந்தவர்தான் குத்தாலிங்கம், என் வீட்டுக்காரர். மிக்சர் தட்டை நான் நீட்டினேன், சரியான கையால்தான், அவர் வாங்கித் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார், அத்தோடு கல்யாணம் நிச்சயமாயிற்று. கவர்ன்மென்ட் பஸ்ஸில் கண்டக்டர், தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று அவருக்கே கணக்கு மறந்துபோகும். நல்ல மனுஷன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாவம். கல்யாணமான முதல் வாரம், டூட்டி முடிந்து வந்து பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, "காலங்காத்தால ஒருத்தன் இடது கையால காச நீட்டுதான், வெளங்குமாட்டீ அன்னைக்குப் பொழுது?" என்றார். நான் அவருக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறேன். செம்பு இடது கையில். மாற்றிக்கொண்டு நீட்டினேன். அவ்வளவுதான் நடந்தது, அவருக்கு அது நினைவில்கூட இருக்காது, தாகத்துக்குக் குடித்தார். எனக்கு அன்றைக்கு மாற்றினது மாற்றினதுதான். அதன் பிறகு அவர் எத்தனையோ தடவை அப்படி வந்து புலம்பியிருக்கிறார், இடது கையால் நீட்டினவன், இடது கையால் சில்லறை வாங்கினவள், ஒவ்வொன்றும் என் மேல் விழுகிற மாதிரியே இருக்கும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள், எங்கள் வீட்டில் இடது கை செய்வது யாருக்குமே தெரியக் கூடாது. வலது. தொடுகிறேன். ப்ளவுஸ் தைப்பது என் வேலை, மெஷினில் ஓட்டுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதில் இரண்டு கையும் உண்டு. கொக்கி வைக்க, ஓரம் மடித்துத் தைக்க, சேலைக்கு ஃபால்ஸ் வைக்க, இதற்கெல்லாம் ஊசி பிடிக்க வேண்டுமே, அதற்கு மத்தியானம்தான் நேரம். இவர் பஸ்ஸில் இருப்பார், கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஊசியை இடது கையில் எடுப்பேன். அப்பா, அது எப்படி ஓடும் தெரியுமா. நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பேன், அது பாட்டுக்குத் தைத்துக்கொண்டே போகும், பல் வரிசை மாதிரி. கதவு தட்டினால் ஊசி வலது கைக்கு வந்துவிடும், என்ன அக்கா கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் தூசி வருகிறது என்பேன். மழைக்காலத்திலும் தூசி வருகிறது என்றிருக்கிறேன். மகன் பிறந்தபோது தொட்டிலுக்கு மேலே கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டி எந்தக் கையை நீட்டுகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வலதை நீட்டினான், அம்மாடி என்று இருந்தது. அவன் இடதை நீட்டியிருந்தால் நானும் பச்சை நாடா எடுத்திருப்பேனா? தெரியவில்லை. தெரியாமலே போனது நல்லதுதான்.

ஜெசிந்தா தலைக்குக் கூடை மாட்டும்போது ஒன்று சொன்னாள். விரலை அசைத்தால் அந்த விரலுக்கு வேலை பார்க்கிற இடத்துக்கு மூளையில் ரத்தம் கூடுதலாகப் போகும், அதைத்தான் இந்த மெஷின் படம் பிடிக்கும். பழகின கை என்றால் மூளை ஒரு பக்கத்தில் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளும், பழகாத கை என்றால் இரண்டு பக்கமும் விழித்துக்கொண்டு மல்லுக்கட்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, பொதுவாகச் சொல்கிறேன் என்றாள். அப்படியானால் பழக்கப்பட்ட பழகாத கை என்றால் என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் காதில் பஞ்சை வைத்துவிட்டாள். வலது. இப்போது கவனிக்கிறேன், வலது கை தொடும்போது தொடையோரம் கிடக்கிற இடது கை விரல்களும் லேசாக அசைகின்றன, கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்தது மாதிரி. அழுத்திவைத்துக்கொள்கிறேன். இடது என்று வரும்போது வலது கை அசையவில்லை, அதற்கு என்ன வந்தது, வீட்டு ஓனர் மாதிரி கிடக்கிறது. நாற்பது வருஷமாக நான் பால் கணக்கு எழுதும்போதும் சோறு பிசையும்போதும் உள்ளே இரண்டு பக்கமும் மல்லுக்கட்டிக்கொண்டா இருந்தது? அதனால்தான் எப்போதும் அப்படி ஒரு களைப்பா, அல்லது அது எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிற களைப்பா? ஒருவேளை இந்த மெஷின் கண்டுபிடித்துவிடும். வெளியே அந்தப் பெண் திடுக்கிட்டு, இவங்க இடது கைக்காரங்க ஆச்சே என்று டாக்டருக்குப் போன் போடுவாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. வாய் சொல்லாததை ரத்தம் சொல்லிவிட்டுப் போகட்டும். இதை நினைத்தவுடன் உடம்பு லேசானது, லேசானது என்று தெரிந்தவுடன் வெட்கமாக இருந்தது. அறுத்துப்போடப் போவது என் கையை, அதற்குச் சாட்சி சொல்ல ஒரு மெஷின் வர வேண்டுமாம். அதுவும் எதிர்வழியாகப் போய்விட்டால்? இத்தனை வருஷத்தில் உள்ளேயும் எல்லாம் மாறி, மூளையும் அம்மா சொன்னதைக் கேட்டு வலது பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தால்? அப்போது நான் இடது கைக்காரி என்பதற்கு மத்தியானங்களைத் தவிர ஒரு அத்தாட்சியும் கிடையாது.

சத்தம் நின்றது. "நல்லாப் பண்ணுதீங்கம்மா, ரெண்டு கையும் அருமையாத் தெரியுது, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று ஜெசிந்தாவின் குரல் காதுக்குள் வந்தது. அருமையாகத் தெரிகிறதாம். என்ன தெரிகிறது என்று சொல்லவில்லை, படத்துக்கு மேலே வலது கைக்காரர் என்று நாங்கள் சொன்னதைத்தான் போட்டிருப்பாள், டாக்டரும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார், நாம் வைத்த பெயருக்குத்தான் படம் முகம் காட்டும். திரும்பவும் கல் உடைக்கத் தொடங்கியது. இடது. ஆள்காட்டி. நடு. மோதிரவிரல் வரவில்லை. காத்திருக்கிறேன், கட்டைவிரல் காற்றில் நிற்கிறது, வா என்று சொல்கிறேன், வரவில்லை, சுண்டுவிரலும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது. அது வந்து சேர்வதற்குள் எழுத்து மாறி ஓய்வு என்று வந்துவிட்டது. எனக்கு அப்போது வந்த துக்கத்தைச் சொல்லத் தெரியவில்லை. கட்டிக்காக நான் இன்னும் அழவில்லை, செத்துப்போவேனோ என்று நினைத்தபோதுகூட எல்லாரும் போகிற வழிதானே என்று இருந்தது. இந்த விரல் வராததற்கு அழுகை வந்தது. என்னிடத்தில் பிறந்து, என்னிடத்திலேயே ஒளிந்து வாழ்ந்து, ஒரு விசேஷ வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி பாயசம் விளம்பினது கிடையாது, பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டினது கிடையாது, யாரும் பார்க்காமலே போகப் போகிறது. அதற்காக ஒரு ஆள் பேசியிருக்கலாம், அந்த ஆள் நான்தான், நான் தலையாட்டினேன். பந்தை அமுக்கினேன்.

கட்டில் வெளியே வந்தது. மூச்சு முட்டுகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டே ஜெசிந்தா ஓடிவந்து கூடையைக் கழற்றினாள். "நான் இடது கைக்காரி" என்றேன். மெஷின் சத்தத்தில் பேசுகிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவள் ஒரு அடி பின்னால் போனாள். "பொறந்ததே இடது கைதான். டாக்டர்ட்ட மாத்திச் சொல்லிட்டோம்" என்றேன். அவள் திட்டவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துணி எடுத்துக் கொடுத்தாள், இதைச் சொன்னது எவ்வளவு நல்லது தெரியுமா என்றாள். வெளி அறையில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் வந்து, முழுப் பரீட்சையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஆபரேஷனில் எவ்வளவு உள்ளே போவது என்பதை டாக்டர் மறுபடி யோசிப்பார், கையைத்தான் முதலில் பார்ப்பார், ஆனால் கூட வந்தவர் வலது என்று அடித்துச் சொல்லியிருக்கிறாரே, அவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்கிறார் என்றாள். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கதவு திறந்து இவர் வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி. என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று முகம் செத்துப்போயிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், இடது கைக்காரி என்று, சின்னதிலிருந்தே என்று, உங்களுக்குத் தெரியக் கூடாதென்று மறைத்துவைத்திருந்தேன் என்று. சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இருபத்துச் சொச்சம் வருஷமாக நான் காத்திருந்த கோபம் அது, அதன் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். அவர் பெருமூச்சு விட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன். இதுல என்ன இருக்கு உலகு, மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவருக்கு வராத கோபமும் சேர்ந்து எனக்கே வந்தது. "பஸ்ஸுல ஒருத்தன் இடது கையால நீட்டுனா வீட்டுல வந்து அந்தத் திட்டுத் திட்டுவீங்களே" என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அவன் யாரோ. நீயும் அவனும் ஒண்ணாட்டீ?" என்றார். இவ்வளவு சின்ன வாக்கியம். முதல் வாரம் செம்போடு நின்றேனே, அன்றைக்கு நான் மாற்றாமல் நீட்டியிருந்தால் அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பார், தண்ணீரைக் குடித்திருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்கக் கூடியவர்தான் என்று இப்போது தெரிகிறது, கேட்காமலே பயந்தது நான்தான். அவர் குனிந்து என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், புதுச் சாமான் பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்த்தார், ஆள்காட்டி விரல் நுனியில் ஊசியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்த இடத்தைத் தடவினார், பக்கத்தில் எழும்பாமல் கிடந்த இரண்டு விரல்களையும் தடவினார். எந்தக் கை போக இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். ஜெசிந்தா கதவருகில் வந்து, ஆரம்பிக்கலாமா அம்மா என்றாள். அவர் கையை விடவில்லை.

"இத்தன ப்ளவுசுக்கும் இந்தக் கையாலயா கொக்கி வச்ச?"

"ஆமா."

"நான் ஒரு நாளும் பாக்கலியே."

"நீங்க வந்தா மாத்திக்கிடுவேன்" என்றேன்.